அஞ்சறைப்பெட்டியில் மாத்திரைகள்

மார்ச் 4, செவ்வாய்

காய்ச்சல் எவ்வளவு என்று வேளாவேளைக்கு எழுதி வைக்கச் சொன்னார் டாக்டர். எழுத உட்கார்ந்தால் காய்ச்சலோடு நிறுத்துகிற ஆள் நான் இல்லை. ஓய்வு பெறும்வரை கரும்பலகை நிறைய எழுதிய கை இது.

காலையில் காப்பி போட எழுந்த என் மனைவி மயிலாத்தாள் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பல் கிட்டிக்கொண்டு நடுங்கியது. இரண்டு கம்பளி போர்த்தியும் கட்டிலோடு சேர்ந்து ஆடினாள். வலது பக்க விலாவுக்குக் கீழே கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். அங்கேதான் அவளுக்கு மிச்சமிருக்கும் ஒரே கிட்னி இருக்கிறது. இடது பக்கம் வெறும் தழும்பு. அங்கே இருந்ததைப் பதினோரு வருடத்துக்கு முன்னால் அவள் தம்பி சென்னியப்பனுக்குக் கொடுத்துவிட்டாள்.

டாக்டர் நூர்ஜஹான் அம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார். சிறுநீரில் கிருமி, அது மேலே ஏறிக் கிட்னி வரைக்கும் போய்விட்டது என்றார். படுக்கையில் சேர்த்துவிடலாம் என்றதும் மயிலு கம்பளிக்குள்ளிருந்து தலையை நீட்டினாள்.

"வேண்டாமுங்க டாக்டரம்மா. ஒருக்கா ஆஸ்பத்திரியில படுத்து ஒண்ணைக் குடுத்துட்டு வந்தேன். மறுக்காப் படுத்தா இன்னொண்ணையும் கேப்பாங்க."

டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பென்சிலின் வகை மருந்துகள் அவளுக்கு ஆகாது. அந்த ஆபரேஷன் சமயத்தில் போட்டு, முகம் வீங்கி மூச்சு முட்டிப் போனது. அதனால் நமக்கு இருக்கிற வழிகள் குறைவு. சிப்ரோஃப்ளாக்சசின் என்ற மாத்திரையை எழுதினார், காலையும் இரவும். முதல் மாத்திரையை அங்கேயே நர்ஸ் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்க வைத்தார். ஒரு பாட்டில் குளுக்கோஸும் ஏற்றினார்கள். சிறுநீரைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறது.

வீட்டுக்கு வந்தபோது 103.

மார்ச் 5, புதன்

காலையில் 100.4. விலா வலி பாதி குறைந்தது என்கிறாள். அப்பாடா.

வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று இன்றைக்குத்தான் கற்றுக்கொள்கிறேன். ரவை என்று நினைத்துக் கோலமாவை வறுக்கப் பார்த்தேன். வாசனையை வைத்துக் கண்டுபிடித்து, கட்டிலில் இருந்தபடியே கத்தினாள்.

மாத்திரைகளுக்கு ஓர் ஒழுங்கு வேண்டும். பழைய அஞ்சறைப்பெட்டியில் கடுகையும் சீரகத்தையும் கொட்டிவிட்டு, கழுவிக் காயவைத்து, ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒவ்வொரு மாத்திரையைப் போட்டேன். மூடியில் காகிதம் ஒட்டிக் கால அட்டவணை எழுதினேன். முதல் பீரியட் காலை எட்டு மணி. கடைசிப் பீரியட் இரவு எட்டு மணி. வகுப்பில் பையன்கள் தப்பித்துப் போவதே பீரியட் மாறும் இடைவெளியில்தான். எல்லாவற்றையும் இந்த இரண்டு மணிகளுக்குள் அடக்கிவிட்டால் எதுவும் தப்பாது.

காலை மாத்திரையைத் தண்ணீரில் போட்டவளுக்கு வயிறு எரிகிறதாம்.

"வெறும் தண்ணியில போட்டா குடலு வெந்து போயிருமுங்க. இந்த மாத்திரையெல்லாம் சூடு. பாலுல குடுங்க. எங்கம்மா ஒரு நாளும் பாலு இல்லாம மாத்திரை குடுத்ததில்ல."

சொல்லி வைத்தாற்போல் சாயங்காலம் சென்னியப்பன் தூக்குப் போசி நிறையப் பாலோடு வந்தான். உள்ளே வரமாட்டான். மாற்றுக் கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க அவன் தின்னும் மாத்திரை எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடும், யாருடைய காய்ச்சலும் அவனுக்கு ஒட்டிக்கொள்ளும். முகமூடி போட்டுக்கொண்டு கேட்டுக்கு வெளியே நிற்பான். போசியைக் கேட்டுக் கொக்கியில் மாட்டினான்.

"செவலை கறந்ததுங் மச்சா. அக்காளுக்கு."

"வை" என்றேன்.

இரவு மாத்திரையைச் சூடான பாலில் கொடுத்தேன். எரிச்சல் இல்லை.

மார்ச் 6, வியாழன்

100.8. இரவு 101.

பூங்கோதை புனேயிலிருந்து கூரியரில் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறாள். மகள் பாசம் பெட்டி வடிவில் வருகிற காலம். போனில் வரிசையாகச் சொன்னாள்: "அப்பா, வெள்ளைப் பெரிசு கால்சியம். அம்மாவுக்கு எலும்பு தேய்மானம்னு போன வருசமே சொன்னாங்கல்ல? செவப்பு மாத்திரையில வைட்டமின் எல்லாம் இருக்கு, இரும்புச் சத்து, துத்தநாகம், எல்லாம். தெம்பு வந்தாத்தான் கிருமியோட சண்டை போட முடியும். தவறாம குடுங்கப்பா."

அதுவும் சரிதான். சண்டைக்குப் போகிற படைக்குச் சோறு வேண்டாமா? இரண்டையும் முதல் பீரியடிலும் கடைசிப் பீரியடிலும் சேர்த்தேன். ஒரு டம்ளர் பால், மூன்று மாத்திரை, ஒரே மடக்கு.

மயிலு டம்ளரைப் பார்த்து, "மாத்திரை தின்னே வயிறு நெறஞ்சிரும். ராத்திரிக்குச் சோறு ஆக்காதீங்க" என்றாள்.

மார்ச் 7, வெள்ளி

102.6. மதியம் மறுபடியும் குளிர் நடுக்கம். கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். நான் போர்வையைச் சரிசெய்தேன். சரியாக இருந்த போர்வையைத்தான் சரிசெய்தேன்.

மாலையில் டாக்டரே கூப்பிட்டார். பரிசோதனை முடிவு வந்துவிட்டதாம். நல்ல செய்தி என்றார். "இப்பல்லாம் இந்த மாத்திரைக்குக் கேக்கற கிருமியே அபூர்வம் சார். உங்க வீட்டம்மாவோட கிருமி நல்லாக் கேக்குது."

இந்தப் பரிசோதனையை நான் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். ஒரு தட்டில் கிருமியை வளர்ப்பார்கள். அதன் மேல் மருந்து தோய்த்த காகிதப் பொட்டுகளை வைப்பார்கள். வேலை செய்கிற மருந்தின் பொட்டைச் சுற்றிக் கிருமி முளைக்காமல் வெற்று வட்டம் விழும். வயலில் புளியமர நிழலுக்கடியில் பயிர் வராத வட்டத்தைப் போல. மயிலின் தட்டில் சிப்ரோஃப்ளாக்சசினைச் சுற்றிப் பெரிய வட்டம் விழுந்திருக்கிறது.

"ஆனா காய்ச்சல் ஏறுதுங்களே டாக்டர்" என்றேன்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். "நாளைக்குக் கூட்டிட்டு வாங்க."

மார்ச் 8, சனி

ஸ்கேனில் அடைப்பு இல்லை, கல் இல்லை, சீழ்க்கட்டி இல்லை. ஆனால் ரத்தத்தில் கிரியேட்டினின் செவ்வாயன்று 1.3 ஆக இருந்தது இன்று 1.9. கிட்னி சோர்ந்துபோகிறது என்பதன் கணக்கு அது. இரண்டு கிட்னி இருக்கிறவருக்கு அது சாதாரணச் சங்கதி. ஒரே மாட்டைப் பூட்டி ஓட்டுகிற வண்டியில் அந்த மாடும் முழங்காலைத் தரையில் ஊன்றினால்?

டாக்டர் என்னை மட்டும் உட்கார வைத்துக் கேட்டார். "மாத்திரை விடாமப் போடறாங்களா? மறைச்சு வச்சுக்கறது, துப்பிடறது, அப்படியெல்லாம்?"

"என் கையால குடுக்கறேன் டாக்டர். ஒரு வேளை தவறல. கால அட்டவணையே போட்டிருக்கேன்." போனில் எடுத்திருந்த அஞ்சறைப்பெட்டி மூடியின் படத்தைக் காட்டினேன். பொடி எழுத்து. அவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "வாத்தியார் வேலைன்னா வாத்தியார் வேலைதான்" என்று பாராட்டினார்.

திங்கட்கிழமை வரைக்கும் பார்க்கலாம் என்றார். இறங்காவிட்டால் அமிக்காசின் என்ற ஊசி. கிருமியை அடித்துவிடும். ஆனால் அது கிட்னியையும் தொடும், காதையும் தொடும். "ஒத்தைக் கிட்னிக்கு அதைப் போட எனக்கு மனசே இல்ல. வேற வழி இல்லைன்னா போட்டுத்தான் ஆகணும்."

வீடு திரும்பியபோது சென்னியப்பன் கேட்டருகே நின்றான். இரண்டு வார்த்தை பேசினோம். கொக்கியில் தொங்கிய காலிப் போசியை எடுக்காமலே போய்விட்டான்.

மார்ச் 9, ஞாயிறு

102.8.

பால் வரவில்லை. பாக்கெட் பால் வாங்கிக் காய்ச்சினேன். கறந்த பாலில் ஏதாவது கெடுதல் இருந்திருக்கலாம். அந்தச் சந்தேகம் இனி இல்லை.

மயிலு, "சென்னியப்பனை ஏன் காணோம்?" என்றாள். வேலை இருக்கும் என்றேன்.

மார்ச் 10, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். வரிசை மாறக் கூடாது.

காலை 103. மயிலு கஞ்சியைத் தொடவில்லை. நாக்கு உலர்ந்து வெள்ளையாக இருந்தது. டாக்டருக்குப் போன் செய்தேன். சாயங்காலம் நாலு மணிக்கு வந்து சேர்ந்துவிடுங்கள், அந்த ஊசியை ஆரம்பித்துவிடலாம் என்றார்.

ஆஸ்பத்திரிக்குத் துணி எடுத்து வைக்கப் போனால், வியர்வையில் நனைந்து நனைந்து அவளுடைய எல்லா நைட்டியும் அழுக்குக் கூடையில் கிடந்தது. காய்ச்சல் துணியை வாஷிங் மெஷினில் போடக் கூடாது என்பது அவள் சட்டம். துவைக்கிற கல்லுக்கு எடுத்துப் போனேன். ஆற்றுத் தண்ணீர் இன்று வரவில்லை. போர் தண்ணீரைப் பிடித்துச் சோப்பைத் தேய்த்தேன்.

நுரையே வரவில்லை. மேலும் தேய்த்தேன். சோப்புதான் கரைந்தது. வாளியின் மேல் தயிர் திரிந்தாற்போல் வெள்ளைக் கசடு மிதந்தது. துணியில் அழுக்கு அப்படியே இருந்தது.

எங்கள் போர் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கடின நீர் என்று வருடா வருடம் நடத்திய பாடம். இரண்டு சோதனைக் குழாய். ஒன்றில் மழைத் தண்ணீர், ஒன்றில் கால்சியம் கலந்த தண்ணீர். இரண்டிலும் அதே அளவு சோப்புக் கரைசல். குலுக்கு. ஒன்றில் நுரை, மற்றதில் கசடு. "சோப்பு எங்கே போச்சு?" என்று கேட்பேன். "இருக்குதுங் சார், ஆனா சுண்ணாம்பு கையைப் பிடிச்சிக்கிச்சு" என்று ஒரு பையன் சொன்னான். அதைவிட நல்ல விளக்கத்தை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. சோப்பு காணாமல் போவதில்லை. அழுக்கிடம் போய்ச் சேருவதற்குள் கால்சியம் அதைப் பிடித்துக்கொள்கிறது.

ஈர நைட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கசடையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பால். பாலில் கால்சியம். அதோடு ஒரு கால்சியம் மாத்திரை. இரும்பு. துத்தநாகம். இவையெல்லாம் கையைப் பிடித்துக்கொள்கிற உலோகங்கள். ஒரே டம்ளர், ஒரே மடக்கு.

பள்ளிக்கூட வேதியியலில் மருந்து கிடையாது. ஊகம்தான். ஆனால் செவ்வாய்க்கிழமை மாத்திரையும் புதன்கிழமை காலை மாத்திரையும் தண்ணீரில் போனவை. அந்த ஒரு நாள்தான் காய்ச்சல் இறங்கியது. தட்டில் விழுந்த வட்டம் பொய் சொல்லவில்லை. தட்டில் யாரும் பால் ஊற்றவில்லை.

போனை எடுத்தேன். வைத்தேன். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். போனை எடுத்தேன். அந்த அஞ்சறைப்பெட்டிப் படத்தைப் பார்த்து டாக்டர் பாராட்டியது நினைவுக்கு வந்தது. சனிக்கிழமை கேட்டருகே நடந்ததும் நினைவுக்கு வந்தது. உள்ளே மயிலு முனகினாள். கூப்பிட்டேன்.

"சொல்லுங்க சார், சீக்கிரம். வெளியில கூட்டம் நிக்குது."

"டாக்டர், மாத்திரையை நான் பாலுல குடுத்துட்டு இருக்கேன். கூடவே கால்சியம் மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை. எல்லாம் ஒரே வேளையில. ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்குமோன்னு…"

மறுமுனையில் அறைக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"எப்ப இருந்து சார்?"

"புதன் ராத்திரி."

"அல்லா" என்றார் மெதுவாக. "பிடிச்சுக்கும் சார். குடல்லயே பிடிச்சுக்கும். ரத்தத்துக்குச் சரியா ஏற விடாது. நீங்க மாத்திரை குடுத்திருக்கீங்க, ஆனா அவங்க உடம்புக்குப் போதுமான மருந்து போகவே இல்ல." பிறகு, "நானும் கேட்டிருக்கணும். விடாமப் போடறாங்களான்னு கேட்டேன். எதோட போடறாங்கன்னு கேக்கல."

அமிக்காசின் வேண்டாம் என்றார். அதே சிப்ரோஃப்ளாக்சசினை நரம்பு வழியாக ஏற்றலாம். பாலும் குடலும் குறுக்கே வராத வழி. ஆனால் உடனே வந்து படுக்க வேண்டும், நாலு மணி வரை காத்திருக்க வேண்டாம்.

மயிலிடம் போய் நின்றேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. மழைத் தண்ணீர், போர் தண்ணீர் என்று உதாரணம் சொல்லத் தொடங்கினேன் போலிருக்கிறது.

"பாடம் பொறவு நடத்துங்க" என்று கையை நீட்டினாள். "புடிங்க, எந்திரிக்கிறேன். ஆஸ்பத்திரிக்குத்தானே?"

துவைக்காத நைட்டிகளையே பையில் திணித்துக்கொண்டு போனோம்.

மார்ச் 11, செவ்வாய்

இன்னும் 102. டாக்டர் பொறுங்கள் என்கிறார். சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்.

மார்ச் 12, புதன்

காலை 99.8. நான்தான் தப்பாகப் பார்க்கிறேன் என்று நர்ஸை அழைத்து மறுபடி பார்க்கச் சொன்னேன். 99.6.

மயிலு இரண்டு இட்லி சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகு, முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டு பேசினாள்.

"சென்னியப்பனுக்குப் போன் போட்டேன்."

நான் தட்டை எடுத்தேன்.

"தட்டை வைங்க. 'உனக்குக் குடுத்தது போக அவகிட்ட மிச்சம் ஒண்ணுதான் இருக்குது, அதையும் உன்ற பாலைக் குடுத்து வாங்கிட்டுப் போயிராத'ன்னு சொன்னீங்களா?"

ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள்.

"அவன் ஒண்ணுஞ் சொல்லலீங்க. அவம் பொண்டாட்டி சொன்னா. மூணு நாளா அவன் சோறு திங்கலியாம். மாத்திரையை மட்டும் போட்டுக்கறானாம்."

"காய்ச்சல்ல எனக்கு என்ன பேசறோம்னு…" என்றேன்.

"காய்ச்சல் எனக்குங்க" என்றாள்.

மார்ச் 14, வெள்ளி

கிரியேட்டினின் 1.5. இறங்கிக்கொண்டிருக்கிறது. டாக்டர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மாத்திரை இன்னும் ஒரு வாரம், தண்ணீரில் மட்டும். கால்சியமும் சிவப்பு மாத்திரையும் அதுவரை வேண்டாம். பூங்கோதையிடம் சொன்னபோது போனில் அழுதாள். அவளுக்கும் சோப்பு உதாரணம் சொன்னேன். "நீங்க எனக்கு இதை ஒன்பதாவதுலயே சொல்லிக் குடுத்திருக்கீங்கப்பா" என்றாள்.

அஞ்சறைப்பெட்டியின் மூடியில் இருந்த காகிதத்தைக் கிழித்து வேறு ஒட்டினேன். பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தால் வம்பு செய்கிற இரண்டு பையன்கள் எல்லா வகுப்பிலும் இருப்பார்கள். இருவரும் நல்ல பையன்கள்தான். வேறு வேறு பெஞ்சில் போட வேண்டும், அவ்வளவே. மாத்திரை எட்டு மணிக்கு. பால் வேண்டுமானால் நடுப்பகலில்.

சென்னியப்பனின் போசி இன்னும் கேட்டுக் கொக்கியில் தொங்குகிறது. உள்ளே எறும்பு. கழுவி வைத்தேன்.

மார்ச் 15, சனி

மயிலுக்குக் காய்ச்சல் இல்லை. காலை மாத்திரையைத் தண்ணீரில் கொடுத்துவிட்டு, போசியை வண்டியில் மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன்.

சென்னியப்பன் மாட்டுக்குத் தீவனம் கலக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு முகமூடியைத் தேடினான்.

"வாங்க மச்சா. அக்கா எப்படிங்?"

"தேவலை. பாலு மேல தப்பில்ல சென்னியப்பா. மாத்திரையையும் பாலையும் நான் ஒண்ணாக் குடுத்ததுதான் தப்பு. பாலுல இருக்கற கால்சியம் இருக்குதே, அது…"

"அக்கா சொல்லுச்சுங். சோப்பு, போர் தண்ணி, எல்லாம் சொல்லுச்சு." சற்றே சிரித்தான். "கெமிஸ்ட்ரி வாத்தியாருக்கே தெரியிலீன்னா எங்க செவலைக்கு எப்படிங் தெரியும்?"

அப்போது அவன் சட்டைப் பையில் போன் அலாரம் அடித்தது. எடுத்து நிறுத்தினான். ஒரு சின்ன டப்பாவைத் திறந்து இரண்டு மாத்திரையை எடுத்து, மோட்டார் ரூம் பானையில் ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு விழுங்கினான். மற்றவர்கள் பூஜையை முடிக்கிற மாதிரி முடித்தான்.

"இதை மட்டும் பதினோரு வருசத்துல ஒரு வேளை தப்ப விட்டதில்லைங் மச்சா" என்றான், டப்பாவை மூடிக்கொண்டே. "என்ற கிட்னியா இருந்தா ரெண்டு வேளை விட்டிருப்பேன். அக்காளுதுங்களே."

செவலையின் நெற்றியைத் தடவிக்கொடுத்தேன். அது தலையை விலக்கிக்கொண்டது. அவன் போசியை வாங்கிக் கறந்து, நிறைய ஊற்றிக் கொடுத்தான்.

வீட்டில் மயிலு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"பேசினீங்களா?"

"பால் வாங்கிட்டு வந்தேன்."

"பேசினீங்களான்னு கேட்டேன்."

"நாளையில இருந்து அவனையே கொண்டாரச் சொல்லிட்டேன். முகமூடி போட்டுட்டு உள்ள வந்து உக்காரட்டும். கேட்டுல நிக்க வேண்டாம்னு சொன்னேன்."

அவள் நகர்ந்து எனக்கு வழிவிட்டாள். கடிகாரத்தைப் பார்த்தேன், இன்னும் பதினொன்றே ஆகவில்லை. பாலைக் காய்ச்சி மூடி வைத்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்காகக் காத்திருந்தேன்.